வெளுத்த குஞ்சு

இந்தத் தேநீரை யாரோ கரண்டி போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். பரவாயில்லை, குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள் ஹனோவர்காரர், மேடம், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் கற்கண்டின் மேல் தேநீரை ஊற்றி, ஓரமாகப் பாலேட்டை விட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் வாய்க்கு ஏடு, அப்புறம் கசப்பு, கடைசியில் இனிப்பு. கலக்கினால் எல்லாம் ஒரே சேற்று நிறம். உலகத்தில் பாதிப் பேருக்கு எதையும் கலக்காமல் இருக்கத் தெரியவில்லை. நான் இன்று இங்கே வந்திருப்பதும் ஏறக்குறைய அந்த விஷயமாகத்தான்.

என் கடைக் கீழறைச் சாவியை உங்கள் ஆட்களிடம் காவல் நிலைய வாசலிலேயே கொடுத்துவிட்டேன். பாம்புகளைத் தொடாமல் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உறக்கம் கலைந்து எழுந்த சமயம், அவற்றுக்குப் பதற்றம் ஆகாது.

பெயர் ஒன்னோ ரேவர்ட்ஸ். கால்வாய்ப் பாலத்துக்கு எதிரே பெயின்ட் கடை வைத்திருந்தேன், என் வாழ்நாள் முழுக்க. சுவருக்கு வெள்ளை கேட்டு வருகிறவன் பத்து வெள்ளையைப் பார்ப்பான், எல்லாவற்றையும் உதட்டைப் பிதுக்கி ஒதுக்குவான், கடைசியில் பீச் பழ நிறத்தை வாங்கிக்கொண்டு போவான். மறு வருஷம் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரச் சகிக்காமல் திரும்பி வருவான். நானும் சிரித்த முகத்தோடு விற்றேன். வியாபாரம் வேறு, மரியாதை வேறு.

கடைக்குக் கீழே இருப்பவை மாண்டரின் சாரைகள். சாரைப் பாம்பில் ஒரு வகை, விஷம் கிடையாது, சீனத்து மலைக்காட்டுப் பிறவி. சாம்பல் உடம்பு, முதுகு நெடுகக் கறுப்பு வளையம், ஒவ்வொரு கறுப்புக்குள்ளும் ஒரு மஞ்சள். காலமெல்லாம் கலர் கலந்தவன் சொல்கிறேன், அந்த மஞ்சளை எந்த டப்பாவிலும் கலந்து எடுக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே மலையிலிருந்து வந்த ஒரே ஜோடி. அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வெளி ரத்தம் ஒரு சொட்டு சேர்க்கவில்லை. ‘ரேவர்ட்ஸ் வம்சம்’ என்று சொன்னால் டென்மார்க்கில்கூட ஆட்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இருந்திருந்தாலும் இந்த அளவுக்குத் தேறியிருக்காது.

எங்கள் சாரை நண்பர்கள் சங்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் கலர்க் கட்சி. அவர்களுக்குக் கடவுள் போட்ட நிறம் போதாது. கறுப்பு இல்லாமல், வளையம் இல்லாமல், கோடு நீளவாக்கில் ஓடி, எப்படியாவது கோணல்மாணலாக ஒன்று பிறந்துவிட்டால் வாயெல்லாம் பல். உடனே பெயர்சூட்டு விழா. பீச் மெல்பா, வெனிலா, எலுமிச்சை ஷெர்பெட். ஐஸ்கிரீம் வண்டியா பாம்புக் கூடா என்று சந்தேகம் வந்துவிடும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஹாயோ தாமென்தான் அந்தக் கட்சிக்குத் தலைவன். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே படத்துக்கு வர்ணம் தீட்டினால் கோட்டுக்கு வெளியே போவான்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும். வெளுப்பு, அதாவது கறுப்பே இல்லாமல் பிறப்பது, ஒளிந்து வருகிற சமாச்சாரம். தாயிடமும் இருக்க வேண்டும், தகப்பனிடமும் இருக்க வேண்டும், அப்போதுதான் குஞ்சில் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தலைமுறை தலைமுறையாக உள்ளேயே கிடக்கும், பார்வைக்கு எல்லாம் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். கலர்க் கட்சிக்காரர்கள் அதை வெளியே இழுப்பதற்காகத் தகப்பனையே மகளோடு சேர்ப்பார்கள். கேட்டால் ஆராய்ச்சி என்பார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஹாயோவின் ஆண் பாம்பு செத்துப்போனது. என்னிடம் வந்து நின்றான்.

“உன் ஆணை ஒரே ஒரு சீசனுக்குக் குடுடா ஒன்னோ. எனக்கும் உன்ன மாதிரி சாதா சாம்பல்ல நாலு குட்டி பாக்கணும்னு ஆசையா இருக்கு.”

சாதா சாம்பல். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் கொடுத்தேன் பாருங்கள், என் பெருந்தன்மை. இலையுதிர் காலத்தில் ஆணைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த வசந்தத்தில் அதை என் மூத்த பெண்ணோடு சேர்த்தேன். அது என் வீட்டிலேயே பிறந்து, என் வீட்டை விட்டு வெளியே போகாத பெண். ஆகஸ்டில் முட்டை பொரிந்தது.

அன்றைக்கென்று பார்த்துச் சங்கத்தின் கோடைச் சந்திப்பு என் வீட்டில். எல்லாரும் தட்டில் பிளம் கேக்கை வைத்துக்கொண்டு அடைகாக்கும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முட்டை ஓடு ஒன்று கிழிந்து தலை வெளியே வந்தது. கறுப்பே இல்லை. உடம்பு இளஞ்சிவப்பு, அதில் மஞ்சள் திட்டு, கண் ரெண்டும் மாதுளை முத்து. சங்கப் பொருளாளர் அல்மூத் போலன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“ஐயோ, பாருங்களேன், ரோஜாப்பூ கணக்கா இருக்கே. ஒன்னோ, உன் பொட்டியிலயா இது? நம்பவே முடியலப்பா.”

பின்னாலிருந்து ஒருத்தன், “சுத்தம் சுத்தம்னு எங்கள இத்தன வருஷம் குளிப்பாட்டின மனுஷன். இப்ப அவரு வீட்டுலயே ஐஸ்கிரீம் கடை தொறந்தாச்சு” என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஹாயோவும் சிரித்தான். அவன் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சத்தம் போடவில்லை. “நான் குடுத்த ஆண் இது இல்ல, ஹாயோ. நீ மாத்திட்ட” என்று மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றது. முப்பது வருஷமாக ஒரு கறை இல்லாத இடத்தில் திடீரென்று கறை விழுந்தால், இடையில் கை வைத்தவன் யார் என்றுதானே பார்ப்பீர்கள். உங்கள் தொழிலிலும் அப்படித்தானே.

அவன் மறுத்தான், மறுக்காமல் இருப்பானா. ஆனால் எங்கள் உலகத்தில் இரவல் வாங்கின பிராணியை மாற்றித் தருவதைவிடக் கேவலம் கிடையாது. மனைவியை விட்டு ஓடிப்போனவனோடு உட்கார்ந்து பீர் குடிப்பார்கள், இவனோடு உட்கார மாட்டார்கள். அந்த இலையுதிர் காலம் முழுக்க, சங்கம் கூடுகிற விடுதிப் பின்னறையில் ஹாயோவின் மேசை காலி. அவன் மனைவி ஃபென்னா கூட்டத்துக்குக் கேக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். வெளுத்த குஞ்சை அல்மூத்துக்கே சும்மா கொடுத்து வீட்டைச் சுத்தப்படுத்தினேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டிருந்தால் ஹாயோ இன்றைக்கும் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பான்.

ஜனவரியில், சங்கத்தார் கூட்டமாக நடந்துபோய்க் கீரை விருந்து சாப்பிடுகிற கீரை நடைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், சைக்கிளில் வந்தான். ஃபென்னா தன் தங்கை வீட்டுக்கு பிரேமன் போயிருந்தாள். முறைப்படி மூன்று கோப்பை தேநீர் கொடுத்தேன், கலக்காமல் குடித்தான், அந்த மட்டில் ஒழுக்கம் உண்டு. பிறகு கீழே போனோம். குஞ்சுகளுக்காகப் பாம்பறையில் எப்போதும் கோடை வெயில் மாதிரி சூடு.

“யப்பா, கொதிக்குதுடா” என்று ஜாக்கெட்டையும் மஞ்சள் ஸ்வெட்டரையும் கழற்றி நாற்காலியில் போட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான்.

“ஆணை வாங்கிட்டுப் போன அன்னிக்கு எடுத்தது. நீயே கையில வெச்சுக்கிட்டு நிக்கிற பாரு. கழுத்துக்குப் பின்னாடி மூணாவது வளையம் உடைஞ்சு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி இருக்கும்னு நீதானடா எங்களுக்கு வகுப்பு எடுப்ப. உள்ள தூங்குறவன் கழுத்தையும் பாப்போம். கொக்கி இல்லன்னா நான் திருடன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு, சங்கத்த விட்டே போயிடறேன்.”

வளர்ந்த பாம்புகள் குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை வைக்காது. அதற்காக, மூடிப்போன கசாப்புக் கடையிலிருந்து குளிர் அறை ஒன்றைப் பிரித்து வந்து கீழே பொருத்தியிருக்கிறேன். நவம்பர் கடைசியில் கதவைச் சாத்தினால் மார்ச்சில்தான் திறப்பேன். நடுவில் யாருக்காகவும் திறந்ததில்லை. ஹாயோவுக்காகத் திறந்தேன். நியாயமான கோரிக்கைக்கு நான் என்றைக்கும் குறுக்கே நின்றதில்லை.

அவன் பெட்டியின் மூடியைத் தூக்கி, சருகை விரலால் ஒதுக்கிப் பார்த்தான். போட்டோவைப் பக்கத்தில் வைத்தான். நானும் பார்த்தேன். அங்கே விளக்கு மங்கல், மேடம். கொக்கி மாதிரி என்று ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் பார்க்கிறதெல்லாம் கொக்கிதான்.

“அதே பயதான்” என்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். இல்லை, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா? ரெண்டு பக்கமும் இருந்தாத்தான வெளுப்பு வரும்? ஆணும் உன்னுது, பொண்ணும் உன்னுது. அப்ப அது உள்ளயே இருந்திருக்குடா, மலையிலேர்ந்து வரும்போதே. இதுல என்ன கேவலம் இருக்கு? எவ்வளவு அழகா வந்திருக்கு. நாளைக்கு விருந்துல சொல்றேன், எல்லாரும் கை தட்டுவாங்க. குஞ்சுக்கு உன் பேரையே வெச்சிடலாம். ‘ரேவர்ட்ஸ் பீச்’. எப்படி?”

ரேவர்ட்ஸ் பீச். சொல்லிவிட்டு என் தோளில் வேறு தட்டினான். அவனுக்கு என்மேல் வன்மம் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவன் என்னை மன்னித்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் சிரித்த கூட்டம் இனிமேல் என் பெயரைச் சொல்லி ஒரு பழ நிறப் பாம்பைக் கண்காட்சி மேசைகளில் விற்கப் போகிறது, என்னைப் பாராட்டுகிற நினைப்பில்.

நான் வெளியே வந்தேன். அவன் குனிந்து சருகை மூடிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன். குளிர் அறைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்க முடியாது, வெப்பம் உள்ளே போய்விடும்.

உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அலமாரி பொருத்துவதற்கு இடைஞ்சலாக இருந்ததென்று என்றைக்கோ கழற்றியாயிற்று. அவனுக்கு அது தெரியாது. “ஒன்னோ, கதவு சிக்கிக்கிச்சு பாரு” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “வெளயாடாதடா, சட்டையோட நிக்கிறேன், நெஞ்சு புடிக்குது” என்றான். இதய மாத்திரை சாப்பிடுகிறவன் என்பது ஊருக்கே தெரிந்ததுதான். பிறகு தட்ட ஆரம்பித்தான். எனக்கு அந்தச் சத்தம்தான் சங்கடமாக இருந்தது. பாம்புக்குக் காது கிடையாது, ஆனால் அதிர்வு உடம்பில் ஏறும். உறக்கத்தில் இப்படி உலுக்கினால் அந்த வருஷ முட்டையே வீணாகிவிடும். நான் மேலே போய்க் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

நான் எதையும் திட்டமிடவில்லை, மேடம், அதை நீங்கள் அழுத்தியே எழுதலாம். ஜாக்கெட்டைப் பாம்பறை நாற்காலியில் விட்டுவைக்க முடியாது, வெளியாள் துணியில் உண்ணி இருக்கும். அதனால் இருட்டினதும் அதைக் கால்வாயில் போட்டேன். ஸ்வெட்டர் அடுப்புக்குப் போனது. சைக்கிளைத் தூக்குப் பாலத்துக் கம்பியில் சாய்த்து வைத்தேன், வாசலில் கிடந்தால் பாதசாரிகளுக்கு இடைஞ்சல். வீடு திரும்பியபோது தட்டுவது நின்றிருந்தது. பாம்புகளை நினைத்து நிம்மதியாக இருந்தது.

மறுநாள் கீரை நடைக்குப் போனேன். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கைவண்டியில் சாராய பாட்டிலை ஏற்றிக்கொண்டு, பனியில் கால்வாயோரமாக நடந்து, கடைசியில் விடுதியில் கீரையும் கொழுப்புத் தொத்திறைச்சியும். போகிற வழியில் அந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் போனோம், ஒருத்தரும் கவனிக்கவில்லை. பாம்பு முதுகில் ஒரு செதில் நிறம் மாறினால் கண்டுபிடிக்கிற கூட்டம் அது. “ஹாயோ எங்க?” என்று யாரோ கேட்க, அல்மூத் குரலைத் தாழ்த்தி, “எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு வருவாரு, பாவம்” என்றாள். அந்த வருஷ விருந்தின் கீரை ராஜாவாக என்னைத் தேர்ந்தெடுத்து, பன்றித் தாடை எலும்பு கோத்த சங்கிலியைக் கழுத்தில் போட்டார்கள். இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். கீரை நன்றாக வெந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபென்னா போன் செய்தாள். வந்தான், தேநீர் குடித்தான், போனான் என்றேன். அப்புறம் கால்வாயில் ஆள் இறக்கித் தேடினீர்கள், ஜாக்கெட் மட்டும் கிடைத்தது. பனிக்கட்டி உடைந்து விழுந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. உங்கள் ஆட்கள் இரண்டு பேர் என் கீழறைக்கும் வந்தார்கள். ஒருத்தருக்குப் பாம்பென்றால் பயம், படியிலேயே நின்றுவிட்டார். மற்றவர் குளிர் அறையைக் காட்டி, “இதுக்குள்ள என்ன?” என்றார். தூங்குகின்றன, மார்ச் வரை திறக்கக் கூடாது என்றேன். கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, “சரி, சரி, எழுப்பிவிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

மார்ச் பிறந்ததும் திறந்தேன். முதலில் பாம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, சூட்டுக்குப் பழக்கி, தண்ணீர் வைத்தேன். பிராணிகள் முதலில். ஹாயோ கதவோரமாக உட்கார்ந்திருந்தான். ஆண் இருந்த பெட்டியை மடியில் வைத்திருந்தான், தட்டியது அதற்கு உறைக்கக் கூடாதென்றோ என்னவோ. அது ஒன்றுக்கு மட்டும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கதவை மறுபடி சாத்தினேன். பாம்புகள் தோலுரித்து, ஆணும் பெண்ணும் சேரும்வரை காத்திருந்தேன். இன்னொரு நாள் இருந்தால் இன்னொரு ஜோடியும் சேர்ந்திருக்கும். ஆனால் நேற்று ஃபென்னா மறுபடி போன் செய்தாள்.

“அவரு பெட்டியில அந்த ஆணோட போட்டோ இன்னொரு காப்பி இருந்துச்சு, ஒன்னோ. பின்னாடி அந்தக் கழுத்து வளையத்தப் பத்தி எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அந்த ஆணை எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாரும் பாக்கட்டும். எம்புருஷன் போய்ச் சேந்துட்டாரு, திருடன்ங்கற பேரோட போகக் கூடாது.”

ராத்திரி முழுக்க யோசித்தேன், விடிந்ததும் இங்கே வந்தேன். பயந்து வரவில்லை. ஆணை அந்தக் கூட்டத்தின் நடுவே தூக்கிக் காட்டுவதைவிட இதுதான் எனக்கு மரியாதை. ஆமாம், ஹாயோவைக் கொன்றது நான்தான். தெரிந்தே கதவைச் சாத்தினேன், தெரிந்தே திறக்காமல் இருந்தேன். இப்போது நீங்கள் காரணம் எழுதியாக வேண்டும், நீதிமன்றத்திலும் அதைப் படிப்பார்கள். எழுதுங்கள்: தாமென் என்பவர் ரேவர்ட்ஸ் வம்சத்தில் கள்ள ரத்தம் கலந்தார். காரணமில்லாமல் ஒரு மனிதன் சிறுவயதுத் தோழனைக் கொல்வானா, நீங்களே சொல்லுங்கள். நான் கொன்றிருக்கிறேன் என்றால் அவன் கலந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள், எனக்கு அவசரமில்லை.

என்ன, கீழறை மூலையில் இருக்கிற உறைபதனப் பெட்டியா? அதை எதற்குத் திறந்தார்கள்? பச்சைப் பட்டாணிக்குக் கீழே, ரொட்டிப் பைகளில். ஆமாம், குஞ்சுகள்தான். பாம்பு வளர்க்கிற எல்லார் வீட்டிலும் இருக்கும், வால் வளைந்து பிறந்தது, கண் இல்லாமல் பிறந்தது.

நிறம் கேட்கிறாரா? இளஞ்சிவப்புதான். பைமேல் வருஷம் போட்டிருக்கும், என் கையெழுத்துதான். ஆமாம், ஹாயோவுக்கு ஆணைக் கொடுத்ததற்கு முந்தின வருஷங்கள்தான். அதற்கும் முந்தினவை கீழ்த் தட்டில் இருக்கும்.

இதில் நீங்கள் குழம்ப எதுவும் இல்லை, மேடம். எங்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதல் இரையைத் தின்ற பிறகுதான் குஞ்சு வம்சத்தில் சேரும், அதுவரைக்கும் கணக்கில் கிடையாது. இவற்றில் ஒன்றுக்குக்கூட நான் இரை வைக்கவில்லை. முட்டையிலிருந்து தலை நீட்டியதுமே எடுத்துவிடுவேன், யாரும் பார்ப்பதற்கு முன்னால். அதனால் நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம், அப்படியே எழுதுங்கள்: முப்பது வருஷமாக என் வம்சத்தில் ஒரு வெளுத்த குஞ்சுகூட இருந்ததில்லை.